கொடிக்கம்பத்து அமெரிக்கர்

மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பாதர் நற்செய்தி வாசித்து முடித்துப் புத்தகத்தை முத்தமிட்ட அந்தச் சின்ன அமைதியில், எங்கள் மண்டபத்தின் நான்கு ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரு அமெரிக்கர் பேசினார். எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிற மாவட்ட நீதிபதி ஒருவர் நாடு முழுவதற்குமான ஜனாதிபதியின் உத்தரவை நிறுத்தலாமா என்று கேட்டார். கேட்டுவிட்டு முழங்கால் வலி மாத்திரை விளம்பரத்துக்குப் போனார்.

ஒலி மேசையில் இருந்தவன் நான். எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். பாதரின் மைக் நின்றது. அமெரிக்கர் நிற்கவில்லை. அவருடைய சத்தம் ஒரு துளிகூடக் குறையவுமில்லை.

இதுதான் எனக்குத் தீராத பிரச்சினை. ஒரு சத்தம் அம்பிளிபயருக்குள் வந்தால், அந்தத் திருகி அதைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை என்றால் அந்தச் சத்தம் அம்பிளிபயருக்குள் வரவில்லை. வரவில்லை என்றால் எப்படிக் கேட்கிறது?

எங்கள் மண்டபம் கனடாவில், மொன்றியலுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட்டில், ஒரு பிரெஞ்சுப் பங்குக் கோயிலின் பின்பக்கம் இருக்கிறது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் எங்களுக்குத் தருவார்கள். ஐந்து மணிக்குத் தமிழ்ப் பூசை. பதினான்கு வருடமாக ஒலி மேசையும் அதன் பின்னாலுள்ள அலுமாரியும் அலுமாரிச் சாவியும் என் பொறுப்பு. எனக்குப் பாட வராது, வாசகம் வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கூட்டத்தில் நின்று கதைக்கவும் தெரியாது. அந்த மேசை இல்லாவிட்டால் கோயிலில் எங்கே நிற்பதென்று எனக்குத் தெரியாது.

ஆனால் சனம் என்னைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. நான் மொன்றியல் துறைமுகத்தில் குளிரூட்டிய கொள்கலன்கள் திருத்துகிறவன். வாழைப்பழமும் இறாலும் வரும் அந்தப் பெட்டிகளுக்கிடையில் போய்வரும்போது காரில் அமெரிக்கப் பேச்சு வானொலி கேட்பேன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டு கேட்பதில்லை, மறுப்பதற்காகக் கேட்பதுமில்லை. ஒரு வாதத்தை எப்படித் துண்டு துண்டாகப் பூட்டுகிறார்கள் என்று பார்க்க எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

"என்ன கிறகரி, உம்மடை ஆள் இண்டைக்குப் பூசைக்கும் வந்திட்டார்" என்றார் றெக்ஸ் அண்ணை. அவர் திருவிழாக் குழுத் தலைவர்.

நான் மேசை வயர்களில் றேடியோ எதையும் கொண்டுவந்து பூட்டவில்லை என்றேன்.

"றேடியோ இல்லாமல் றேடியோ எப்பிடிக் கதைக்கும்?"

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்தில் நாங்கள் பழுது தேடுவதற்கு ஒரு முறை உண்டு. பாதியைக் கழற்றிப் பார்ப்போம். பழுது போய்விட்டால் அது கழற்றிய பாதியில் இருக்கிறது. போகாவிட்டால் மிஞ்சிய பாதியில். பிறகு அந்தப் பாதியின் பாதி. அடுத்த சனிக்கிழமை நேரத்தோடு போய் மைக்குகளைக் கழற்றினேன், மடிக்கணினியைக் கழற்றினேன், ஓர்கன் வயரைக் கழற்றினேன். கடைசியில் அம்பிளிபயரும் ஒலிபெருக்கிகளும் மட்டும் மிஞ்சின. அமெரிக்கர் இறக்குமதி வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஜனாதிபதி வரி போடலாம், அவசரநிலை என்றால் அவசரநிலைதான் என்றார். வேலையிடத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த வேறொரு அம்பிளிபயரை மாட்டிப் பார்த்தேன். அதிலும் அவர்தான், அதே வசனத்தின் மிச்சத்தைச் சொன்னார்.

வெளியே போய்க் காரில் இருந்து வானொலியைத் திருகினேன். அவர் அங்கேயும் இருந்தார். மண்டபத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சோளத் தோட்டத்துக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு புதுக் கம்பம் இந்த வசந்தத்தில் முளைத்திருந்தது. ஏதோ ஒரு சின்ன ஆங்கில வானொலி. சனிக்கிழமை மூன்றிலிருந்து ஆறரை வரைக்கும் அந்த அமெரிக்கரின் நிகழ்ச்சியை வாங்கி அப்படியே ஒலிபரப்பினார்கள். ஆக, அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துவிட்டது. எந்த வாசலால் உள்ளே வருகிறார் என்றுதான் தெரியவில்லை.

பாதர் பொறுமைசாலி. ஆனால் ஆகஸ்ட் முதற் சனிக்கிழமை மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம். ஆயரின் பிரதிநிதி வருகிறார். அன்றைக்கும் இந்தக் குரல் கேட்டால் ஒலி மேசையை மொன்றியலுக்கு மற்றப் பக்கம் லவாலில் உள்ள ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிடுவதாகவும் சாவியைத் தரவேண்டி வரும் என்றும் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னபடியால் அது முடிவான பேச்சு என்று விளங்கியது.

இதற்கிடையில் சனம் அமெரிக்கரைக் கேட்கத் தொடங்கிவிட்டது. பாதர் பேசும்போது அவர் குரல் அடியில் அமுங்கிக் கிடக்கும். எங்கே மௌனம் வந்ததோ அங்கே அமெரிக்கா வந்தது. நற்கருணைக்குப் பிறகு எல்லோரும் முழங்காலில் இருக்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு முழு வாதத்தையே கேட்டுவிடலாம்.

முதலில் தொற்றியது றெக்ஸ் அண்ணைக்கு. மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தை மூன்று முறை சுற்றிவருவது எங்கள் வழக்கம். அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள், இம்முறை ஒரு சுற்றுத்தான் என்று அவர் தனியே அறிவித்தார். கொடிக்கம்பத்தையும் தெருப் பக்கமாக நகர்த்தப் போவதாகச் சொன்னார். பாடகர் குழுவை நடத்தும் எலிசா அக்கா, குழுவைக் கேட்காமல் எப்படி என்று எழும்பினா. எல்லாரும் கை உயர்த்தித் தெரிவுசெய்த தலைவரை ஒரு பாட்டுக்காரி நிறுத்தலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். போன கிழமை எல்லோரும் முழங்காலில் இருந்து கேட்டதுதானே.

பிறகு வெளிநாட்டுக் கொள்கை வந்தது. கனடா ஒரு சதமும் கொடுக்காமல் அமெரிக்காவின் போர்வைக்குள் படுத்திருக்கிறது என்று ஒருநாள் அமெரிக்கர் சொன்னார். சனம் சிரித்தது. றெக்ஸ் அண்ணை சிரிக்கவில்லை. அவர் லவால் ஆட்களை நினைத்துக்கொண்டிருந்தார். லவாலிலிருந்து முப்பது தமிழ்க் குடும்பம் திருவிழாவுக்கு வரும், இருக்கும், சாப்பிடும், போகும். கதிரை அடுக்குவது புரோசார்ட்காரர். ஆகவே லவாலிலிருந்து வரும் ஒவ்வொரு காரும் பத்து மடிப்புக் கதிரை கொண்டுவர வேண்டும் என்று விதித்தார். போன தலைவர் காலத்தில், கதிரை வேலை இல்லை என்று லவாலுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, முந்தின தலைவர் போட்ட ஒப்பந்தம் இந்தத் தலைவரைக் கட்டுப்படுத்தாது என்றார். அந்த வசனமும் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை, பூசைக்குச் சனம் கூடுகிற நாலு மணி நாற்பதுக்கு ஒலிபரப்பானது.

லவால் பதில் கொடுத்தது. திருவிழாவுக்கு அறுநூறு இறைச்சி றோல்ஸ் பொரிப்பது அவர்கள். கதிரை விதி நிற்கும்வரை றோல்ஸ் இல்லை என்று லவாலில் இருக்கும் றொசானா அக்கா தொலைபேசியில் சொன்னா. அதோடு, தேவையென்றால் அவர்கள் பொரிக்கிற மற்றப் பலகாரமான பற்றிஸும் நிறுத்தப்படும்.

நான் மேசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் வந்தது. குரலை நிறுத்துவது என் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அதை நிறுத்த விரும்பாத ஆட்களும் இப்போது இருந்தார்கள்.

ஜூலை முதற் சனிக்கிழமை அமெரிக்கர் விடுமுறை. பழைய நிகழ்ச்சி ஒன்றை மறு ஒலிபரப்புச் செய்தார்கள். மற்றக் கட்சி ஆட்சியில் இருந்த காலத்தது. அதே குரல், அதே சூடு. எங்கேயோ ஒரு சின்ன ஊரில் இருக்கும் ஒரேயொரு நீதிபதி ஒரு ஜனாதிபதியின் கையைப் பிடித்து நிறுத்தியதுதான் அந்த நாட்டின் அழகு என்றார். அதற்காகத்தான் முன்னோர்கள் நீதிமன்றங்களைக் கட்டினார்கள் என்றார்.

எலிசா அக்கா பாட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தா. பூசை முடிய என்னிடம் வந்தா.

"இது அவர்தானே, தம்பி? அதே ஆள்தானே?"

"ஓம் அக்கா. அவர்தான்."

"குரல் மாறேல்லை."

"இல்லை. ஜனாதிபதிக் கதிரையிலை இருந்த ஆள்தான் மாறினது."

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். மற்றப் பக்கத்து வானொலிகளையும் நான் கேட்டிருக்கிறேன். இவர் நீதிபதியைப் புகழ்ந்த காலத்தில் அவர்கள் ஏசினார்கள். இவர் ஏசத் தொடங்கியதும் அவர்கள் புகழத் தொடங்கினார்கள். வாதம் ஒரு ஸ்பானர் மாதிரி. எந்தக் கையாலும் பிடிக்கலாம், எந்தப் பக்கமும் திருகலாம்.

அடுத்த சனிக்கிழமை எலிசா அக்கா ஒரு கடதாசியை அறிவித்தல் பலகையில் குத்தினா. அதில் இப்படி இருந்தது: "திருவிழா முடியும்வரை கொடிக்கம்பத்தையோ அதனோடு சேர்ந்த எதையுமோ ஒருவரும் கழற்றவோ, வெட்டவோ, இடம் மாற்றவோ கூடாது." பாடகர் குழுவில் பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் றெக்ஸ் அண்ணையின் கடதாசி பக்கத்தில் ஏறியது: "கொடிக்கம்பத்தையும் அதனோடு சேர்ந்தவற்றையும் கழற்றுவதும், வெட்டுவதும், இடம் மாற்றுவதும் தலைவரின் தனி அதிகாரம்." இரண்டும் ஒரே ஊசியில் தொங்கின.

அன்றைக்குத்தான் எனக்கு வாசல் தெரிந்தது.

எங்கள் மண்டபத்தில் இரண்டு கதவுகள். முன்கதவில் நுழைவு என்றும் பக்கக் கதவில் 'சொர்த்தி' என்றும், அதாவது வெளியேறும் வழி என்றும், பிரெஞ்சில் எழுதியிருக்கும். பிந்தி வருகிற ஆட்கள் முன்கதவால் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அந்த வெளியேறும் கதவால்தான் உள்ளே வருவார்கள். பிரசங்க நேரத்தில் அங்கே ஒரு வரிசையே நிற்கும். அன்று, எப்போதும் பிந்தி வருகிற அனுஜனும் மனைவியும் அந்தக் கதவால் குனிந்துகொண்டு நுழைவதைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நான் நுழைவாசலை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், கஷ்டமில்லை. மைக் வயர்கள் அம்பிளிபயரின் நுழைவாசல். ஒலிபெருக்கி வயர்கள் வெளிவாசல். திருகி இருப்பது நுழைவாசல் பக்கம். நான் கழற்றியதெல்லாம் நுழைவாசல் வயர்கள். வெளிவாசலால் சத்தம் வெளியே மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். வயருக்கு அது தெரியாது. ஒரு வயர் நீளமாக, உயரமாக நின்றால் அது அன்ரெனா. கிட்டவுள்ள வானொலியின் அலையைப் பிடித்து, வெளிவாசலால் பின்னோக்கி அம்பிளிபயருக்குள் கொண்டுபோகும். உள்ளே இருக்கிற சின்னச் சின்னத் துண்டுகள் அலையிலிருந்து பேச்சைப் பிரித்துவிடும். ஒரு றேடியோவுக்குள் நடப்பதும் அதுதான். பிரித்த பேச்சை அம்பிளிபயர் பெருப்பித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். திருகிக்கு இதில் வேலையே இல்லை. றேடியோ இல்லாமல் றேடியோ கதைத்தது இப்படித்தான்.

பூசை முடிய அலுமாரியைத் திறந்து வெளிவாசல் வயர்களை எண்ணினேன். நான்கு ஒலிபெருக்கிகள். ஐந்து சோடி வயர்.

ஐந்தாவது சோடி, அலுமாரிக்குள் ஒரு சுருளாக மிச்சம் கிடந்து, பிறகு சுவரோட்டைக்குள் போனது. வெளியே போய்ப் பார்த்தேன். சுவரோடு சேர்த்து வெள்ளைப் பூச்சு அடித்திருந்தது. அங்கிருந்து கொடிக்கம்பத்தின் அடிக்குப் போய், கம்பத்தோடு கறுப்பு ஒட்டுநாடாவால் கட்டி, நாற்பது அடி உச்சிவரை ஏறியது. உச்சியில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் கொடியேற்றத்துக்கு ஒரு கூம்பு ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டினோம். கொடி ஏறும் பாட்டு ஊருக்குக் கேட்காவிட்டால் அது திருவிழாவா? அரை மணித்தியாலத்தில் பொலிஸ் வந்தது. கூம்பை இறக்கினோம். வயர் அடுத்த வருடம் தேவைப்படும் என்று விட்டுவிட்டோம். விட்டது நான்தான். கட்டியதும் நான்தான்.

பாதரிடம் போய் அதைச் சொன்னேன். பிழை என்னுடையது, வேறு ஆருடையதும் இல்லை என்றேன்.

"அப்ப நீரே நிப்பாட்டும்" என்றார்.

மறு சனிக்கிழமை றெக்ஸ் அண்ணையையும் எலிசா அக்காவையும் அலுமாரிக்கு முன்னால் கூப்பிட்டு, ஐந்தாவது வயரைக் கழற்றிக் காட்டினேன். குரல் நின்றது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மண்டபம் அமைதியாக இருந்தது.

"திருப்பிப் பூட்டும்" என்றா எலிசா அக்கா. "கம்பத்தோடை சேர்ந்த எதையும் கழற்றக்கூடாது. எழுதி ஒட்டியிருக்கு."

"அவ சொன்னதுக்காக இல்லை" என்றார் றெக்ஸ் அண்ணை. "என்ரை அனுமதி இல்லாமல் கழற்றினபடியால், திருப்பிப் பூட்டும்."

அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்தில்தான். பூட்டினேன். அமெரிக்கர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அனுமதி தாருங்கோ என்று றெக்ஸ் அண்ணையைத் தனியே கேட்டேன். கழற்றச் சொன்னால் எலிசா பாட்டை நிறுத்திவிடுவா, பாட்டில்லாத கொடியேற்றத்துக்குத் தான் என்ன தலைவர் என்றார். கடதாசியை எடுங்கோ என்று எலிசா அக்காவைக் கேட்டேன். மூன்று சுற்றுக்கு அவர் ஒத்துக்கொண்டால் எடுப்பதாகச் சொன்னா. பேசாமல் இரகசியமாகக் கழற்றியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அமைதி வந்த உடனேயே இருவரும் அலுமாரிக்கு வந்துவிடுவார்கள். யாருடைய கடதாசியை மீறினேன் என்று கேட்பார்கள். இரண்டையும்தான்.

கொடியேற்ற நாள் வந்தது. மூன்றரைக்கு வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன், சட்டைப் பையில் அலுமாரிச் சாவி. பாதரிடம் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். கை தன்பாட்டில் வானொலியைப் போட்டது. அமெரிக்கர் ஏதோ ஒரு வழக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டத்தை எழுதினவர் மனதில் என்ன நினைத்தார் என்பது தனக்குத் தேவையில்லை என்றார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசியுங்கள், எழுதாதது சட்டமில்லை.

அவரிடம் நான் கேட்டதில் இதுதான் என் வேலைக்கு உதவியது.

அறிவித்தல் பலகைக்குப் போய் இரண்டு கடதாசியையும் எழுதியிருக்கிறபடி வாசித்தேன். கழற்ற. வெட்ட. இடம் மாற்ற. வேறொன்றுமில்லை. காருக்குத் திரும்பி வந்து வேலைப் பெட்டியைக் கிளறினேன். குளிரூட்டிப் பெட்டிகளின் கட்டுப்பாட்டு வயர்களில் கறுப்பாக ஒரு வளையம் போட்டிருப்பார்கள். உளுந்துவடை அளவு, வடை போலவே நடுவில் ஓட்டை. பெரைட் என்பது பெயர். ஒரு வயரை அந்த ஓட்டைக்குள்ளால் விட்டுச் சுற்றினால், மெதுவாக அசைகிற பாட்டும் பேச்சும் ஒன்றும் நடக்காததுபோல் போய்வரும். செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை அசைகிற வானொலி அலை அதற்குள் மாட்டுப்பட்டு நின்றுவிடும். கூடச் சுற்றினால் கூட மாட்டுப்படும்.

ஐந்து மணிக்கு ஆயரின் பிரதிநிதி கம்பத்தடியில் நின்றார். எலிசா அக்காவின் ஆட்கள் பாடினார்கள். கொடி ஏறியது. பாட்டு முடிந்து, எல்லோரும் தலைகுனிந்து மௌனமானோம். மண்டபக் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. கயிறு கம்பத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சனம் கொஞ்சம் அந்தரப்பட்டது. யாரோ ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மௌனம் முடிய முதலே றெக்ஸ் அண்ணையும் எலிசா அக்காவும் அலுமாரிக்கு வந்துவிட்டார்கள். அவர் குனிந்து அம்பிளிபயர்ப் பக்கத்து நுனியைத் தொட்டுப் பார்த்தார். அது பூட்டியபடி இருந்தது. அவ வெளியே போய்க் கம்பத்து உச்சியைப் பார்த்துவிட்டு வந்தா. அங்கும் வயர் இருந்தபடி இருந்தது.

"ஒண்டும் கழற்றேல்லை" என்றா.

"இடமும் மாறேல்லை" என்றார்.

பாதர் பின்னால் நின்றிருந்தார். சாவியைக் கேட்கவில்லை. மைக்கில் கொஞ்சம் எதிரொலி வருகிறது, அடுத்த கிழமை அதையும் பாரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தது இவ்வளவுதான்: அலுமாரிக்குள் சுருளாக மிச்சம் கிடந்த ஐந்தாவது வயரை, இரண்டு நுனியையும் தொடாமல், பெரைட் வளையத்துக்குள்ளால் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, நாடாவால் ஒட்டினேன். குரல் நின்றுவிட்டது.